சக்கராசனம் எத்தனை நாளில் வரும்? கடினமான ஆசனங்களை அடிபடாமல் பழகுவது பற்றி

“மேடம், சக்கராசனம் எத்தனை நாள்ல வரும்?”

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடிக்கு யோகா பழக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி இது. கேட்பதில் தப்பே இல்லை. ஒருவர் முதுகை வில்லாக வளைத்து நிற்பதைப் பார்த்தால் நமக்கும் ஆசை வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. ஆனால் நாள் கணக்கு சொல்லிவிட்டால், அந்த நாளைப் பிடிப்பதற்காக உடம்பை இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் நான் நாள் சொல்வதில்லை. பதிலுக்கு ஒரு வேலை கொடுப்பேன். சுவரில் பின்தலை, முதுகு, இடுப்பு மூன்றும் படும்படி நின்று, முழங்கையை மடக்காமல் இரண்டு கையையும் மேலே தூக்கி, கட்டைவிரலால் பின்னால் இருக்கிற சுவரைத் தொட வேண்டும். விலா எலும்பு முன்னால் பிதுங்கக் கூடாது.

பெரும்பாலானவர்களுக்குக் கை முக்கால் தூரத்தில் நின்றுவிடும். அல்லது கை சுவரைத் தொடும், கூடவே கீழ் முதுகு வளைந்து வயிறு முன்னால் வந்துவிடும். சக்கராசனத்தில் என்ன நடக்கப் போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. தோள் கொடுக்க வேண்டிய கடனைக் கீழ் முதுகு கட்டப் போகிறது. கொஞ்ச நாள் கட்டும், அப்புறம் ஒரு காலையில் கட்டிலிலிருந்து எழ முடியாது.

கடினமான ஆசனம் என்றால் என்ன, அதற்கு உடம்பை எப்படித் தயார் செய்வது, எங்கே நிறுத்துவது என்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். இதில் பாதி நான் படித்தும் கற்பித்தும் தெரிந்துகொண்டது. மீதி அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

உடம்பு ஏன் வளைய மறுக்கிறது?

டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டுவார், கால் தானாக உதறும். பார்த்திருப்பீர்கள். அந்தத் தட்டில் தொடையின் முன்தசை ஒரு நொடி சட்டென்று நீள்கிறது. தசைக்குள்ளேயே நீட்சியை அளக்கும் உணர்வு முனைகள் இருக்கின்றன. ‘யாரோ இழுக்கிறார்கள்’ என்று அவை முதுகுத் தண்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து உடனே ‘சுருங்கு’ என்று உத்தரவு வருகிறது. மூளையைக் கேட்கக்கூட நேரமில்லை. இது உடம்பின் காவல் ஏற்பாடு.

ஆசனத்தில் குனியும்போதும் இதே காவல்தான் வேலை செய்கிறது. வெடுக் வெடுக்கென்று ஆட்டி ஆட்டிக் குனிந்தால் தசை இன்னும் இறுகும். மெதுவாகப் போய், மூச்சு ஓடவிட்டு, இருபது முப்பது நொடி இருந்தால் காவல் தளரும். முதல் சில வாரங்களில் நாம் காணும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி தசை நீண்டதால் வருவதில்லை. ‘இவ்வளவு தூரம் போகலாம், ஆபத்தில்லை’ என்று நரம்பு மண்டலம் நம்பத் தொடங்குகிறது, அந்த நம்பிக்கைதான் நமக்கு நெகிழ்வாகத் தெரிகிறது.

அந்த நம்பிக்கை எப்போது வரும்? அந்த நிலையில் உடம்பைத் தாங்கும் பலம் இருந்தால் வரும். இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. மல்லாந்து படுத்து, ஒரு காலை முழங்கால் மடக்காமல், கை உதவி இல்லாமல் மேலே தூக்குங்கள். எவ்வளவு உயரம் வருகிறது என்று பாருங்கள். இப்போது பழைய லுங்கி ஒன்றைச் சுருட்டிப் பாதத்தில் மாட்டி, இரண்டு கையாலும் மெல்ல இழுங்கள். கால் இன்னும் மேலே வரும். தானாக எழுந்த உயரத்துக்கும் இழுத்தால் வருகிற உயரத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, இல்லையா? அந்த இடைவெளியில் உங்கள் கால் போகும், ஆனால் அதைப் பிடித்துக்கொள்ள அங்கே தசை பலம் இல்லை. காவல்காரன் இல்லாத நிலம் மாதிரி. கடினமான ஆசனத்தில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் அடிபடுகிறார்கள்.

அப்படியென்றால் செய்ய வேண்டியது என்ன? இழுக்கும் உயரத்தை இன்னும் கூட்டுவதற்கு முன்னால், தானாக எழும் உயரத்தைக் கூட்ட வேண்டும். இடைவெளியைக் குறைக்க வேண்டும். நான் பிறகு சொல்லப் போகிற எல்லாமே இந்த ஒரு கணக்குதான்.

லுங்கி மாட்டியிருக்கும் அதே நிலையில் இன்னொன்றும் செய்து பாருங்கள். மெலிதான இழுப்பு தெரியும் இடத்தில் நிறுத்தி, காலைக் கீழே இறக்கப் போவதுபோல் லுங்கியை எதிர்த்து அழுத்துங்கள். ஐந்தாறு நொடி, பாதி பலத்தில். பிறகு விட்டுவிட்டு, மூச்சை வெளியே விடும்போது காலைக் கொஞ்சம் அருகே கொண்டுவாருங்கள். முன்பு வராத இரண்டு விரற்கடை இப்போது வரும். நீண்ட நிலையிலேயே தசைக்கு வேலை கொடுத்ததால் காவல் தளர்ந்தது. அழுத்து, விடு, போ. மூன்று தடவை போதும்.

குடியாத்தம் கைலி இதற்கு அருமையாக உதவும். நீட்டினால் ரப்பர் மாதிரி நீளாது, கையிலிருந்து வழுக்காது.

இரண்டு உடம்புகள்

என்னிடம் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பழகினார்கள். ஒருவர் இருபத்தைந்து வருஷமாகப் பீடி சுற்றும் அக்கா. இன்னொருவர் காட்பாடிப் பக்கம் தங்கிப் படிக்கும் பையன், உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று வருஷம் பழகியவன், மூச்சு வாங்காமல் நாற்பது தண்டால் எடுப்பான்.

அக்கா வந்த முதல் நாள் தரையில் உட்கார்ந்ததே ஆசனம் மாதிரி இருந்தது. சம்மணம், குந்துதல், ஒரு காலை மடக்கி ஒரு காலை நட்டு உட்காருதல் என்று எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்த இடுப்பு அது. ஆனால் கையைத் தூக்கச் சொன்னபோது காதுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. தலை குனிந்து, தோள் முன்னால் சுருண்டு, கண் விரல் நுனியிலேயே இருந்த வருஷங்கள் மேல் முதுகைக் கூன் போல உறைய வைத்துவிட்டன.

பையனுக்கு நேர்மாறு. கை பலம் ஏராளம். குந்தி உட்காரச் சொன்னால் குதிகால் தரையில் படாது, பின்னால் சாய்ந்து விழுந்துவிடுவான்.

‘எனக்கு உடம்பு வளையும்’, ‘எனக்கு வளையாது’ என்று மொத்தமாகச் சொல்கிறோமே, அதில் அர்த்தமே இல்லை. வளைவு ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனி. வாழ்ந்த வாழ்க்கை எந்த மூட்டைத் திறந்து வைத்தது, எதை மூடி வைத்தது என்பதுதான் கேள்வி. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க மேல் தோல் தைக்கிறவர்களுக்குக் கழுத்தும் தோளும் ஒரு மாதிரி, ஆரணியில் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு நெய்கிறவர்களுக்கு இடுப்பு வேறு மாதிரி. இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லோருக்கும் ஒரே ஆசன வரிசையைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

எலும்பிலும் வித்தியாசம் உண்டு. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் உட்காரும் கோணமும் ஆழமும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குப் பத்மாசனம் எவ்வளவு பழகினாலும் முழுதாக வராது. அங்கே தசை தடுப்பதில்லை, எலும்பு எலும்பில் இடிக்கிறது. அதில் யாருடைய குறையும் இல்லை. ஒரு பாதத்தை மட்டும் தொடைமேல் வைக்கும் அர்த்த பத்மாசனத்திலோ, சாதாரணச் சம்மணமான சுகாசனத்திலோ உட்காரட்டும். பத்மாசனத்தில் காலைத் திருப்ப வேண்டியது இடுப்பு மூட்டு. முழங்கால் முக்கியமாக மடங்கி நீள்வதற்கான கீல். இடுப்பு திரும்பாதபோது பாதத்தைக் கையால் தூக்கித் தொடைமேல் திணித்தால் முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும், உள்ளே இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு கிழியும். முழங்காலின் உள்பக்கம் சுருக்கென்றால் அந்த நொடியே இறக்கிவிடுங்கள்.

இன்னொரு வகை உடம்பும் இருக்கிறது. கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடும், முழங்கை நேர்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளையும். இவர்களை எல்லோரும் ‘ரப்பர் உடம்பு’ என்று பாராட்டுவார்கள். இவர்களுக்குத்தான் அதிக கவனம் வேண்டும் என்பேன். மூட்டைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்களே தளர்வாக இருப்பதால், இவர்கள் நீட்டிக்கொண்டே போகலாம், வலிகூடத் தாமதமாகத்தான் வரும். இவர்கள் நெகிழ்வைப் பழக வேண்டியதில்லை. பாதி வழியில் நின்று, தசையை இறுக்கிப் பிடித்து நிற்கப் பழக வேண்டும். பள்ளிக்கூட யோகா போட்டிகளில் சின்னக் குழந்தைகள் முதுகை இரண்டாக மடித்து, பாதத்தைத் தலைக்கு முன்னால் கொண்டுவந்து பரிசு வாங்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கைதட்ட மனம் வருவதில்லை. அந்த எலும்புகளின் முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற குருத்து. பெற்றோர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

‘நரம்பு இழுக்குது’ என்பது எதை?

நம்மூரில் தசையில் இழுத்தாலும், தசைநாரில் இழுத்தாலும், மூட்டில் பிடித்தாலும் ஒரே வார்த்தை: ‘நரம்பு இழுக்குது.’ பேச்சுக்குச் சரி. பயிற்சியின்போது மட்டும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

தசை இழுப்பு தசையின் நடுவில், அகலமாக, மந்தமாக இருக்கும். தொடையின் பின்புறம் மத்தியில், கெண்டைக்காலின் சதையில். மூச்சை விட்டால் கொஞ்சம் குறையும். இதோடு இருக்கலாம். பத்துக்கு மதிப்பெண் போட்டால் ஐந்து ஆறைத் தாண்ட வேண்டாம்.

உண்மையான நரம்பு இழுப்பு கோடு மாதிரி ஓடும். மின்சாரம் பட்டதுபோல், எறும்பு ஊர்வதுபோல், மரத்துப் போவதுபோல். புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை போகலாம். குனிந்த நிலையில் கால் விரல்களை உங்கள் பக்கம் மடக்கிப் பாருங்கள். அந்தச் சுரீர் கூடினால், விரலைத் தளர்த்தினால் குறைந்தால், பெரும்பாலும் நரம்புதான். நரம்பைப் பிடித்து இழுத்து நீட்ட முடியாது. அதைப் பிடித்து வைத்தால் கோபித்துக்கொள்ளும், ஆறுவதற்கு வாரங்கள் ஆகும். முழங்காலை மடக்கிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மூன்றாவது, எலும்பை ஒட்டிய வலி. குறிப்பாக நாம் உட்காரும்போது தரையில் படுமே, புட்டத்துக்குக் கீழே இரண்டு எலும்பு, அந்த இடம். தொடையின் பின்தசைகள் தொடங்குவது அங்கேதான். முன்னால் குனியும்போது தொடை நடுவில் ஒன்றும் தெரியாமல், அந்த எலும்புப் புள்ளியில் மட்டும் விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால், தசை நீளவில்லை, வேர் பிய்கிறது என்று அர்த்தம்.

இது எனக்கு நடந்தது. பல வருஷங்களுக்கு முன்னால், நான் கற்றுக்கொண்டிருந்த ஒரு வகுப்பில். பஸ்சிமோத்தானாசனம். கால் நீட்டி உட்கார்ந்து குனிந்திருந்தேன், நெற்றி முழங்காலுக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தது. பின்னால் வந்த உதவி ஆசிரியர் முதுகில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, ‘மூச்சை விடுங்க’ என்று சொல்லி, தன் எடையைச் சாய்த்தார். நெற்றி முழங்காலைத் தொட்டது. வலது புட்டத்துக்குக் கீழே ஈரத்துணி கிழிவதுபோல் ஒரு சத்தம், காதில் கேட்டதா உடம்புக்குள் கேட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கு வலி பெரிதாக இல்லை. மறுநாள் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் எங்கே போனாலும் ஒரு தலையணையோடு போனேன்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும்தான் ‘தொட வேண்டும்’ என்று இருந்தேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கிறேன்: கடைசி நிலையில் இருக்கும் ஒருவர்மேல் யாரும் எடை போடக் கூடாது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடுப்புக்கடியில் மடித்த போர்வை வைத்தால் அந்த வேரின்மேல் இருக்கும் பாரம் உடனே குறையும். உங்களை யாராவது அழுத்த வந்தால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். குருவாக இருந்தாலும் சொல்லலாம்.

ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. தசை சில வாரங்களில் பலம் கூட்டிக்கொள்ளும். அதை எலும்போடு கட்டும் நாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது பலப்பட மாதங்கள் ஆகும். இரண்டாவது மாதத்தில் ‘நன்றாக வருகிறதே’ என்று வேகத்தைக் கூட்டுகிறோமே, அப்போது தசை தயார், நார் தயாரில்லை.

சக்கராசனத்தைப் பிரித்துப் பார்ப்போம்

நம் பள்ளிகளில் சக்கராசனம் என்று சொல்வதைச் சில மரபுகளில் ஊர்த்துவ தனுராசனம் என்பார்கள். மல்லாந்து படுத்து, கையையும் காலையும் ஊன்றி, முழு உடம்பையும் வளைவாகத் தூக்குவது. முதுகு வளையும் ஆசனம் என்று பெயர், ஆனால் முதலில் தேவைப்படுவது தோள், மேல் முதுகு, தொடையின் முன்பக்கம், மணிக்கட்டு.

முதுகெலும்பில் விலா ஒட்டியிருக்கும் பகுதி, அதாவது பன்னிரண்டு எலும்புகள், பின்னால் வளையச் சோம்பல் படும். கீழே இருக்கும் ஐந்து எலும்புகள் எளிதாக வளையும். எளிதாக வளைகிறதே என்று வளைவை எல்லாம் அந்த ஐந்திலேயே ஏற்றுவதுதான் தப்பு. ஆகவே மேலே திறக்க வேண்டும், கீழே கட்டிப்பிடிக்க வேண்டும்.

தோளுக்கு: திண்ணை, மேஜை, மாடிக் கைப்பிடிச் சுவர், இடுப்பு உயரத்தில் எது இருந்தாலும் அதில் உள்ளங்கைகளை ஊன்றி, பின்னால் நகர்ந்து, நெஞ்சைக் கீழே தொங்கவிடுங்கள். அக்குளில் இழுப்பு தெரிய வேண்டும். மேல் முதுகுக்கு: கெட்டியான போர்வையைச் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளின் கீழ் முனைக்கு நேராகக் குறுக்கே வைத்து, அதன்மேல் மல்லாந்து இரண்டு நிமிஷம் படுங்கள். தலை தொங்கினால் தலைக்கடியிலும் ஒன்று வையுங்கள். தொடை முன்பக்கத்துக்கு: ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை முன்னால் வைத்து, பின்கால் பக்கத்துப் புட்டத்தை இறுக்கி இடுப்பை உள்ளே சுருட்டுங்கள். முன்னால் பாய வேண்டியதே இல்லை, சுருட்டினாலே இழுக்கும்.

பலத்துக்குச் சேதுபந்தாசனம். படுத்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்குவது. ஐந்து மூச்சு, மூன்று முறை. முழங்கால்கள் வெளியே விரியக் கூடாது. பிறகு புஜங்காசனம், குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது, ஆனால் கையை ஊன்றாமல். உள்ளங்கையைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிவிட்டு, முதுகின் பலத்தால் மட்டும் நெஞ்சு எவ்வளவு எழுகிறதோ அவ்வளவு. முன்பு சொன்ன இடைவெளிக் கணக்கு இங்கேயும் வரும். கை ஊன்றி எழும் உயரத்துக்கும் ஊன்றாமல் எழும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

இவை இரண்டு மூன்று மாதம் ஓடட்டும். சுவர்ச் சோதனையில் கட்டைவிரல் சுவரைத் தொட்டு, வயிறும் பிதுங்காத நாள் வந்தால், அப்போது சக்கராசனம். அன்றைக்கும் நேரடியாகத் தரையில் வேண்டாம். சுவரை ஒட்டி இரண்டு செங்கல்லைத் துணி சுற்றி வைத்து, அதன்மேல் உள்ளங்கை. கை உயர்ந்துவிட்டால் மணிக்கட்டும் தோளும் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. செங்கல் ஆடாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். எழும்போது முதலில் உச்சந்தலை மெல்லத் தரையில் படும் அளவுக்கு. கழுத்தில் எடை வேண்டாம், எடை கையில் இருக்கட்டும். விரிந்துபோன முழங்கைகளை உள்ளே கொண்டுவந்து, அப்புறம் கையை நீட்டுங்கள். மூன்று மூச்சு. இறங்கும்போது தாடையை நெஞ்சுப் பக்கம் மடக்கி, பின்தலை, தோள், முதுகு என்று வரிசையாக. இறங்கும்போது அடிபட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் சந்தோஷத்தில் விட்டுவிடுவார்கள்.

இறங்கியதும் உடனே காலைத் தொடக் குனியாதீர்கள். படுத்தபடியே முழங்கால்களைக் கட்டிக்கொண்டு பத்து மூச்சு. ஒவ்வொரு கடின ஆசனத்துக்கும் முன்னால் போகும் படிகள், பின்னால் சமன் செய்யும் எதிர் ஆசனம் என்ற இந்த ஒழுங்கை வலியுறுத்தியவர் டி. கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). மைசூர் அரண்மனையில் கற்பித்து, பிறகு சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்தவர். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார் கட்டை, கயிறு, நாற்காலி, சுவர் ஆகியவற்றை யோகாவுக்குள் கொண்டுவந்தார். செங்கல் வைத்துச் செய்வது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் நினைவுபடுத்துவேன்.

கையில் நிற்பது

பகாசனம் எனக்கு மிகவும் பிடித்தது. பகம் என்றால் கொக்கு. குந்தி உட்கார்ந்து, உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கால்களை மேல்கையில் வைத்து, முன்னால் சாய்ந்து பாதங்களைத் தூக்குவது. பலமும் நெகிழ்வும் சரிபாதி கேட்கும் ஆசனம் இது.

அதற்கு முன்னால் மணிக்கட்டைச் சூடாக்க வேண்டும். மண்டியிட்டு, உள்ளங்கைகளைத் தரையில் வைத்து, எடையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இரண்டு நிமிஷம் நகர்த்துங்கள். தண்டால் எடுக்கும் நேர்நிலையில் முப்பது நொடி உடம்பு தொய்யாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் முதலில் அது.

எல்லோரும் செய்யும் தப்பு, குதிப்பது. குதித்தால் முகம் தரையில் போகும். பாதத்தைத் தூக்க முயற்சியே செய்யக் கூடாது. பார்வையைக் கைகளுக்கு ஓரடி முன்னால் நிறுத்தி, முழங்கை பின்பக்கம் மடங்கியிருக்க, முன்னால் சாய்ந்துகொண்டே வந்தால், ஓரிடத்தில் கால் விரல்கள் தாமாகவே லேசாகிவிடும். விரல் நுனிகளால் தரையைப் பிறாண்டுவதுபோல் பிடித்துக்கொள்ளுங்கள். அவைதான் பிரேக். முகத்துக்கு நேராக ஒரு தலையணை.

பீடி அக்காவுக்கு இது சக்கராசனத்துக்கு முன்பே வந்தது. ஒரு மார்கழிக் காலை. கைகளை ஊன்றி ரொம்ப நேரம் சாய்ந்தபடியே இருந்தார். புகையிலைக் கறை படிந்த விரல் நுனிகள் அழுத்தத்தில் வெளுத்திருந்தன. இடது கால் பெருவிரல் தரையை விட்டு எழுந்தது, ஒரு நகத்தளவு. பிறகு வலது. இரண்டு மூச்சு. மூன்றாவது மூச்சில் தலையணையில் நெற்றி முட்டி, அப்படியே சாய்ந்து உட்கார்ந்து, “டீச்சரம்மா, ரெண்டு காலும் எழுந்துச்சி பாத்தியா!” என்றார். குந்தி உட்கார்ந்த இருபத்தைந்து வருஷமும், விரல்களின் பலமும் அன்றைக்கு அவருக்குத் துணை வந்தன. தண்டால் பையனுக்கு அதற்குப் பிறகு மூன்று மாதம் ஆனது. அவன் குந்திப் பழகவே இரண்டு மாதம் செலவழித்தான், பொறுமையாக.

சிரசாசனம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் பார்த்தோ போன் பார்த்தோ தனியாகக் கற்க வேண்டாம். கழுத்தின் எலும்புகள் தலையைச் சுமப்பதற்கானவை, உடம்பைச் சுமப்பதற்கானவை அல்ல. எடையை முன்கைகளும் தோளும் வாங்கத் தெரிந்த பிறகே பாதம் தரையை விட வேண்டும். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆகவே கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கும் இந்த ஆசனம் வேண்டவே வேண்டாம். கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் அப்படியே. சுவரில் காலைத் தூக்கி வைத்து மல்லாந்து படுப்பது இவர்களில் பலருக்குப் போதுமான ஓய்வைக் கொடுக்கும்.

எலும்பு மெலிவு உள்ள வயதானவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனிவதைத் தவிர்க்க வேண்டும், முதுகெலும்பு நசுங்க வாய்ப்புண்டு. குடலிறக்கம், சமீபத்திய ஆபரேஷன், நகர்ந்த டிஸ்க், கர்ப்பம் இவை இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் பழகுவது பற்றியும் அவரிடமே கேளுங்கள், பயிற்சியின் நடுவில் சர்க்கரை இறங்கி மயங்கக்கூடும்.

வேலூர் வெயில்

இதைப் பற்றிக் கேட்காமலே சொல்லிவிடுவேன். அக்னி நட்சத்திரத்தில் நம்மூர் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும். அந்த நாட்களில் உடம்பு சூடாகவே இருப்பதால் எல்லாம் எளிதாக வளையும், ‘இன்றைக்கு நன்றாக வருகிறது’ என்று தோன்றும். வெயில் கொடுத்த அந்த வளைவுக்கு ஈடாகப் பலம் கூடியிருக்காது, ஆகவே அன்றைக்கு வழக்கமான அளவில் நின்றுகொள்ளுங்கள். வியர்த்த கை பகாசனத்தில் வழுக்கும், பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் மொட்டை மாடி வேண்டாம், பகலெல்லாம் குடித்த சூட்டைச் சிமென்ட் எட்டு மணி வரை கக்கிக்கொண்டிருக்கும்.

மார்கழி, தையில் நேர்மாறு. கோட்டைப் பூங்காவில் அந்தப் பனியில் வந்த வேகத்திலேயே காலை விரித்து உட்காரும் இளைஞர்களைப் பார்க்கிறேன். பத்து நிமிஷம் அகழி ஓரமாக வேகமாக நடந்துவிட்டு, மூட்டுகளைச் சுற்றிவிட்டு, சூரிய நமஸ்காரம் நாலைந்து சுற்று போட்டுவிட்டு உட்கார்ந்தால் அதே கால் வேறு மாதிரி விரியும். ஜமக்காளத்தை மட்டும் மொசைக் தரையில் விரித்துச் செய்யாதீர்கள், அது காலடியில் ஓடும்.

கடினமான ஆசனங்களை வாரத்தில் மூன்று நாள் வைத்துக்கொண்டால் போதும். நடுவில் ஒரு நாள் இடைவெளி. பயிற்சி முடிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசையில் ஒரு கனமான வலி இருக்கும், இரு பக்கமும் ஒரே மாதிரி, நடந்தால் குறையும். அது இயல்பு. ஒரு பக்கம் மட்டும், ஒரு புள்ளியில், இரவில் எழுப்புகிற வலி இயல்பில்லை.

எப்போது நிறுத்துவது என்பதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் மூச்சுதான். பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணம் இரண்டே சொல்: ஸ்திரம், சுகம். ஆடாமல் இருக்கிறதா, இதமாக இருக்கிறதா. மூக்கு வழியாக மூச்சு சீராக ஓடினால் இரண்டும் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். மூச்சு நின்றாலோ, பல் கடித்தாலோ, நெற்றி சுருங்கினாலோ ஒரு படி பின்னால் வாருங்கள்.

அடிபட்டுவிட்டால்

முதல் இரண்டு மூன்று நாள் அந்த இடத்தை நீட்டாதீர்கள், எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். ‘சுளுக்கு எடுக்கிறேன்’ என்று இழுத்துவிடுகிறவர்களிடம் போகாதீர்கள். அதற்காகப் படுக்கையிலேயே கிடக்கவும் வேண்டாம், வலி கூடாத அளவுக்கு நடமாடுங்கள். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றபடி இரண்டு வாரத்தில் குறையாத வலியை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள்.

எனக்கு அந்த எட்டு மாதத்தில் கைகொடுத்தது நீட்சி அல்ல, பலம். பிசியோதெரபிஸ்ட் முதலில் முழங்கால் மடக்கிப் படுத்துக் குதிகாலைத் தரையில் அழுத்தச் சொன்னார், நாற்பது நொடி, ஐந்து தடவை. பிறகு இடுப்பைத் தூக்கி, பிறகு ஒற்றைக் காலில். அந்தப் பின்தசை தன் வேரைத் தாங்கத் தொடங்கிய பிறகுதான் மறுபடி குனிய விட்டார். இப்போதும் பஸ்சிமோத்தானாசனத்தில் என் வலது முழங்கால் இரண்டு விரற்கடை மடங்கியே இருக்கும். நெற்றி தொடுவதில்லை.